நாயின் கட்டமைப்பும் நடையும்

சந்தையில் உழவு மாடு வாங்கச் செல்லும் குடியானவர் என்னென்ன பார்க்கிறார் என்பதை நாம் அறிவோம். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், குளம்பைத் தட்டிப் பார்க்கிறார். இவ்வளவும் ஆன பிறகு, "கொஞ்சம் நடத்திக் காட்டுங்கள்" என்கிறார். அந்த நடையில்தான் பேரம் முடிகிறது. சுழி நன்றாக இருந்தும் பின்னங்கால் தட்டுகிற மாட்டை ஏரில் பூட்ட எவரும் விரும்புவதில்லை.

இதே குடியானவர் காவலுக்கு நாய்க்குட்டி வாங்கும்போது மட்டும் சுழி பார்ப்பதோடு நின்றுவிடுகிறார். நாய்க்குச் சுழி என்பது நிறமும் மூக்கும் காதும். குட்டி தூய வெள்ளையா, மூக்கு இளஞ்சிவப்பா என்று கேட்கிறாரேயன்றி, அதன் தாயும் தந்தையும் எப்படி நடக்கின்றன என்று கேட்பதில்லை.

வண்டலூரிலிருந்து படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத்துக்கு வரும் சாலையில் இன்று தொழிற்சாலைகளும் கிடங்குகளும் பெருகிவிட்டன. அவற்றுக்கு இடையிடையே ஏரிப்பாசன வயல்களும், தோட்டங்களும், ஆட்டுப்பட்டிகளும் உள்ளன. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பம்புசெட்டையும் பட்டியையும் காக்க நல்ல நாய் ஒன்று வேண்டும் என்று பலர் நினைப்பது இயல்பே. பிறருக்கு விற்பதற்காகக் குட்டி எடுப்போரும் உண்டு. ஆதலின், நாயை மதிப்பிடும் முறையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் ஓரளவு அறிந்துகொள்வது நலம்.

நமது மாநிலத்துக்குச் சொந்தமான நாய் இனங்கள் சில உள்ளன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன அவற்றுள் நாடறிந்தவை. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாயின் உருவத்தைத் தபால்தலையில் வெளியிட்டது. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் 2020-இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகிய மூன்றையும் இந்திய நாய் இனங்களாக முறைப்படி பதிவு செய்தது. கோம்பை காவலுக்குப் பெயர் பெற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென்றே அமைந்த மெலிந்த உடல் கொண்டவை. இவற்றை முயல் வேட்டைக்கு விடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

நிறத்தை மட்டும் நம்பினால் நேரும் கேட்டுக்கு ராஜபாளையமே தக்க சான்று. இவ்வினத்தில் பிற நிறங்களும் உண்டு. ஆயினும் பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையதையே மக்கள் விரும்பித் தேடினர். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகின்ற அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அவை அங்கு இல்லாவிடில், ஒலியை உணரும் நுண்ணிய பாகம் குட்டி பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே அழிந்துவிடும். வெள்ளை நிறம் மிகுந்த நாய் இனங்கள் பலவற்றில் பிறவிச் செவிடு காணப்படுவதற்கு இதுவே காரணம். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன் நாய்களில் ஏறத்தாழ 30 சதவீதம் ஒரு காதிலேனும் கேட்கும் திறன் அற்றவை என்று கண்டறிந்துள்ளனர். ராஜபாளையத்திலும் இக்குறை உண்டு. இரவில் வேலியோரம் சருகு மிதிபடும் ஓசை கேட்காத நாயைக் காவலுக்கு வைத்து என்ன பயன்?

செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிப்பது எளிதன்று. உடன்பிறந்த குட்டிகள் எழுந்தோடினால் அதுவும் அவற்றைப் பார்த்து ஓடும். வாங்க வந்தவர் ஏமாந்துபோவார். ஆகையால் ஐந்தாறு வாரமான குட்டியைத் தனியே பிரித்து, அது உறங்கும்போதோ வேறு பக்கம் பார்க்கும்போதோ பின்னாலிருந்து ஓசை எழுப்பிப் பார்க்க வேண்டும். தரை அதிரக் கூடாது. கையசைவு தெரியக் கூடாது. காற்றும் மேலே படக் கூடாது. ஒரு காது மட்டும் கேளாத குட்டி இச்சோதனையிலும் தப்பிவிடும். அதனைக் கருவிச் சோதனையாலேயே அறியலாம். ஒரு காது கேளாத நாய் காவலுக்கு ஒருவாறு உதவலாம்; இனவிருத்திக்கு அதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

இனிக் கட்டமைப்பைக் காண்போம். நாயைச் சமதரையில் இயல்பாக நிற்கவிட்டு, முதலில் நான்கு முழம் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்ப்பது பிறகு. நாயின் உடல் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. ஆயினும் அம்முன்னங்கால்கள் உடற்கூட்டுடன் எலும்பு மூட்டால் பிணைக்கப்பட்டவை அல்ல. மனிதனுக்குள்ள காறை எலும்பு நாய்க்குப் பெயரளவில்தான் உண்டு. மார்புக்கூடு இரு தோள்பட்டைகளுக்கு இடையே தசைகளால் தொட்டில்போல் தொங்குகிறது. தோள்பட்டை எலும்பு நேர்குத்தாக நின்றால் கால் முன்னே நீளாது. பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் கால் நீண்டு எட்டி வைக்கும்.

இச்சாய்வு 45 பாகை இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் புத்தகங்களில் எழுதிவந்தனர். அமெரிக்கப் பெண்மணி ரேச்சல் பேஜ் எலியட் 1973-இல் வெளியிட்ட 'டாக்ஸ்டெப்ஸ்' என்ற நூலால் புகழ் பெற்றவர். நாய் நடக்கும்போதே எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து ஆராய்ந்த அவர், 30 பாகையை ஒட்டிய சாய்வே உண்மையில் காணப்படுவது என்று காட்டினார். ஜெர்மனியில் ஜேனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் ஃபிஷர் 32 இனங்களைச் சேர்ந்த 327 நாய்களை இவ்வாறே படமெடுத்து ஆராய்ந்து, 2011-இல் நூலாக வெளியிட்டார். முன்னங்கால் வீச்சுக்குப் பெரும் பங்கு தருவது தோள்பட்டை எலும்பே என்றும், அது தன் மேல்முனையை ஒட்டி ஊசல்போல் அசைகிறது என்றும் அவர் கண்டார். கண்ணால் பார்த்துப் பாகைக் கணக்குச் சொல்வோரை நாம் சற்று ஐயத்துடனே நோக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பின்னங்காலில் தொடை, முழங்கால், குதிமூட்டு ஆகிய மூன்றிலும் உள்ள வளைவுகளைக் கவனிக்க வேண்டும். வளைவு மிகுந்தால் உந்துதல் மிகும். ஆனால் பின்னங்கால் உந்தும் அளவுக்கு முன்னங்கால் எட்டி வைக்க இயலாவிடில், வலிய எருதையும் தளர்ந்த எருதையும் ஒரே நுகத்தில் பூட்டியதுபோல் ஆகும். பின்னங்கால் முன்னங்காலில் இடிக்காதிருக்க, அந்த நாய் நண்டுபோல் உடலைச் சாய்த்துக்கொண்டு ஓடும். முன்னும் பின்னும் நடுத்தரமாக இருந்து தம்முள் ஒத்திருப்பதே, ஒன்று மட்டும் சிறந்து மற்றொன்று குறைந்திருப்பதைவிட மேலானது.

மற்றவற்றைச் சுருங்கச் சொல்வோம். மார்பு முழங்கை வரை ஆழ்ந்திருத்தல் வேண்டும். முதுகு உறுதியாக இருத்தல் வேண்டும். விரல்கள் பரவாமல் குவிந்திருத்தல் வேண்டும். வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. மேல்வரிசை முன்பற்கள் கீழ்வரிசையைக் கத்தரிக்கோல் அலகுபோல் ஒட்டி மூடவேண்டும். ஆண் நாய்க்கு இரு விதைகளும் இறங்கியிருக்க வேண்டும்.

நிற்கும் நாய் தன் குறையை மறைத்துக்கொள்ளலாம். நடக்கும் நாயால் அது முடியாது. போட்டிகளில் நடுவர்கள் பெரும்பாலும் பார்ப்பது மெல்லோட்டத்தையே. இதில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாகவும், மற்ற இரண்டும் ஒன்றாகவும் எழுந்து விழும். நாலுகால் பாய்ச்சலை வெறுங்கண்ணால் பிரித்தறிவது அரிது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் தரையைவிட்டு எழும் கணம் உண்டா என்ற வழக்கே, 1878-இல் மைப்ரிட்ஜ் என்பார் தொடர்ச்சியாகப் புகைப்படங்கள் எடுத்த பிறகுதான் தீர்ந்தது. குதிரை ஒரு பாய்ச்சலில் ஒரு முறை அந்தரத்தில் நிற்கும். சிப்பிப்பாறை போன்ற ஓட்ட நாய்களோ கால்களைக் குவிக்கும்போது ஒரு முறையும், நீட்டும்போது ஒரு முறையுமாக இரு முறை நிற்கும்.

மெல்லோட்டத்தைப் பார்க்க ஒருவர் நாயைத் தளர்ந்த கயிற்றில் பிடித்து, முப்பது அடி நேராகப் போய்த் திரும்பி வரவேண்டும். பின்னர் நமக்குக் குறுக்காக ஓட்டிக் காட்டவேண்டும். கயிற்றை இறுக்கித் தூக்கிப் பிடித்தால் முன்கால் நடை பொய்த்துவிடும். நாளெல்லாம் சங்கிலியில் கட்டிக் கிடந்த நாயை உடனே மதிப்பிடலாகாது. வெயிலில் காய்ந்த தார்ச்சாலையும் இதற்கு ஏற்றதன்று.

எதிரே வரும்போது தோளிலிருந்து பாதம் வரை கால் ஒரே கோடாக இருக்கவேண்டும். வேகம் கூடக்கூடக் கால்கள் உடலின் நடுக்கோட்டை நோக்கிச் சாய்வது இயற்கை. அதனைக் குறையென்று கருதக் கூடாது. முழங்கை வெளியே பிதுங்குவதும், பாதம் துடுப்புப் போடுவதுபோல் சுழல்வதும், கால்கள் பின்னிக்கொள்வதும் குறைகள். போகும்போது பின்னிருந்து பார்த்தால், குதிமூட்டுகள் ஒன்றையொன்று உரசலாகாது. பக்கத்திலிருந்து பார்க்கும்போது முதுகு ஆடாமல் இருக்க, அடி நீளமாகவும் தாழ்வாகவும் விழவேண்டும். முன்னங்காலில் வலி இருந்தால், அக்கால் ஊன்றும்போது நாய் தலையைத் தூக்கும். விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் இதனைக் கவனியாது விடாதீர்கள்.

வாலாஜாபாத்துக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பாலாற்றில் மணல் ஈரமாக உள்ள நாளில் நாயை அதன்மேல் மெல்லோட்டத்தில் நடத்திச் சென்று, தடங்களைக் குனிந்து பாருங்கள். சீராக ஓடும் நாயின் பின்பாதம் முன்பாதத் தடத்தின் மேலோ அதை ஒட்டியோ விழும். வலப்பக்க அடியும் இடப்பக்க அடியும் ஒரே நீளமாக இராவிடில், நாய் ஏதோ ஒரு காலைக் காத்துக்கொள்கிறது என்று பொருள்.

போட்டியில் நாம் எதற்குப் பரிசளிக்கிறோமோ அதுவே நாளைய இனமாகிறது. ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தை 1899-இல் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்பார் ஆடு மேய்க்கும் உழைப்பாளி நாயாகவே உருவாக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் காட்சிக்கென வளர்த்தோர் பின்புறம் சரிந்த முதுகையும் மிகையாக வளைந்த பின்னங்காலையும் அழகென்று கொண்டனர். 2016-இல் இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அத்தகைய நாய் ஒன்று தன் இனத்துக்குரிய பரிசைப் பெற்றபோது, அதன் நடையைத் தொலைக்காட்சியில் கண்ட மக்களிடையே பெருங்கண்டனம் எழுந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் அங்கீகாரத்துடன் நடைபெறும் போட்டிகளில் நம் நாட்டு நாய்களும் இன்று நிறுத்தப்படுகின்றன. வெள்ளை மூக்குக்குப் பரிசா, நல்ல தோளுக்குப் பரிசா என்ற கேள்வி நமக்கும் வந்துவிட்டது.

குட்டி எடுக்க நினைப்போர் தாய் தந்தை இரண்டையும் மேற்கூறிய முறையில் பார்த்து, ஒன்றின் குறை மற்றொன்றில் இல்லாதபடி சேர்க்க வேண்டும். இரண்டும் நேர்குத்தான தோள் உடையனவாயின், எத்தனை ஈற்று எடுத்தாலும் நல்ல தோள் கிட்டுவது அரிது. இடுப்பு மூட்டின் குறை கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வயதான பின் எடுக்கும் எக்ஸ்-கதிர்ப் படமே அதனை உறுதியாகச் சொல்லும். குட்டியின் உடலமைப்பை 8 வார அளவில் பார்ப்பது பல அனுபவசாலிகளின் வழக்கம். அதன்பின் ஓராண்டு வரை உறுப்புகள் ஏறுமாறாக வளரும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் தடுக்கின்றன. 18 மாதம் நிறையாத பெண் நாயை இனவிருத்திக்கு விடலாகாது என்பதும், இத்தொழில் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கும்.

பஞ்சாயத்துகள் இதற்கெனப் பணம் செலவிட வேண்டியதில்லை. கால்நடை மருத்துவ முகாம் நடைபெறும் நாளில், வெறிநோய்த் தடுப்பூசிக்காக வரும் நாய்களை ஊசி போடுவதற்கு முன் முப்பது அடி நடத்திக் காட்டச் சொல்லலாம். கால்நடை மருத்துவர் ஒருவர் உடனிருந்து, எந்த நாய் எந்தக் காலைத் தூக்குகிறது, எதன் குதிமூட்டு உரசுகிறது என்று கூடியிருப்போருக்குக் காட்டினால், ஒரு காலைப்பொழுதில் பத்து நாய்களுக்குள்ளேயே கண் பழகிவிடும். ஒவ்வொரு நாயின் தடுப்பூசிச் சீட்டின் பின்புறத்திலும் அதன் உயரம், நடையில் கண்ட குறை, காது கேட்கிறதா என்ற மூன்றையும் எழுதிக் கொடுத்தால், அடுத்த ஈற்றுக்குக் குட்டி கேட்டு வருபவர் அச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.