உடம்பிலேயே பயிர் வைக்கும் கடல் விவசாயி

 

எல்லா உயிர்களின் சாப்பாடும் சூரியனில்தான் தொடங்குது என்று உணவுச் சங்கிலி பாடத்தில் படித்திருக்கிறோம். வெயிலில் புல் வளரும், புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும். அப்போ வெயிலே படாத ஆழ்கடலில் இருக்கிறவங்க என்ன சாப்பிடுவாங்க? மேலேயிருந்து விழுகிற மிச்சம் மீதியைத் தின்று பிழைப்பவைதான் அங்கே நிறைய. ஆனால் ஒருத்தர் சொந்தமாக விவசாயமே செய்கிறார்!

அவர் பெயர் கிவா புராவிதா. 2006-ஆம் ஆண்டு மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகா நாட்டுப் பக்கம், பசிபிக் கடலில், ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் போனவர்கள் இதைப் பார்த்தார்கள். ஆழம் சுமார் 1000 மீட்டர். அங்கே கும்மிருட்டு. 2011-இல் ஆண்ட்ரூ தர்பர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இதற்குப் பெயர் வைத்தார்கள். 'புரா விதா' என்றால் 'தூய வாழ்வு'. கோஸ்டாரிகா மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

பார்த்தால் நண்டு மாதிரியே இருக்கும். ஆனால் அசல் நண்டு இல்லை. சங்குக்குள் குடியிருக்கிற நண்டுக்குச் சொந்தம். கொடுக்கை விட்டுவிட்டு எண்ணினால் நண்டுக்கு நாலு ஜோடிக் கால், இதற்கு மூணு ஜோடிதான் வெளியே தெரியும். கடைசி ஜோடி சின்னதாக, உடம்போடு ஒடுங்கி இருக்கும்.

சரி, வயல் எங்கே? இதன் கொடுக்கிலும் காலிலும் ரோமம் ரோமமாக இருக்கிறதே, அதுதான் வயல். அதில் வளரும் பாக்டீரியாதான் பயிர். அந்த இடத்தில் கடலின் அடித்தரையிலிருந்து மீத்தேன் வாயுவும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த ஹைட்ரஜன் சல்பைடும் கசிகின்றன. செடிகள் வெளிச்சத்தை வைத்து உணவு தயாரிப்பது ஒளிச்சேர்க்கை. இந்த பாக்டீரியா வேதிப்பொருளை வைத்துத் தயாரிக்கிறது. இது வேதிச்சேர்க்கை.

பயிருக்குத் தண்ணி பாய்ச்ச வேண்டாமா? அதற்குத்தான் இது ஆடுகிறது! இரண்டு கொடுக்கையும் தூக்கி, யாரோ பாட்டுப் போட்ட மாதிரி தாளத்தோடு ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒரே தண்ணி நின்றால் அதிலுள்ள சல்பைடும் ஆக்ஸிஜனும் தீர்ந்துபோகும். ஆட ஆட புதுத் தண்ணி வந்து பாக்டீரியா செழிக்கும். அப்புறம் அறுவடை. வாய்ப்பக்கம் உள்ள சீப்பு போன்ற உறுப்பால் ரோமத்தைச் சீவி, வாயில் போட்டுக்கொள்ளும். அதன் உடம்பிலுள்ள கொழுப்பைச் சோதித்தும் பார்த்தார்கள். இந்த பாக்டீரியாதான் முக்கிய உணவு என்று உறுதியானது.

அப்போ நம்ம பாடம் தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. அந்த பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் வேண்டுமே! அது மேலே வெயிலில் இருக்கும் தாவரங்கள் விட்டது. கடல் நீரில் கரைந்து ஆழம் வரை போகிறது. அதனால் சூரியனோடு உறவு முழுசாக அறுந்துபோகவில்லை.

ஆனால் இனி 'எல்லா உயிர்களும்' என்று எழுதும்போது கொஞ்சம் யோசிப்போம். 'பெரும்பாலான உயிர்கள்' என்று எழுதுவதே சரி. இருட்டில் ஒருத்தர் ஆடிக்கொண்டிருக்கிறார், மறந்துவிடாதீர்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி