உஷார்! அந்தக் கடைசி போல்ட்டைத் தொடாதீர்கள்

ரோபோவின் சர்வோ மோட்டாரைக் கழற்றுவது பெரிய வித்தையே இல்லை. பெரும்பாலும் இரண்டு கேபிள், நாலு போல்ட். ஆனால் கடைசி போல்ட் கழன்று மோட்டார் வெளியே வரும் நொடியில், மேலே நிற்கும் கை அப்படியே கீழே இறங்கிவிடும். மெயின் ஸ்விட்சை அணைத்துப் பூட்டுப் போட்டிருந்தாலும் இறங்கும். கரன்ட் இல்லாவிட்டால் ரோபோ சாது என்று நம்பித்தான் பலர் அதன் கீழே தலையைக் கொடுக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்தும் சின்னசேலத்திலிருந்தும், கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்தும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்துக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழக அரசு 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 மையங்களை அமைத்து, ரோபோ பயிற்சியையும் சேர்த்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் வகுப்பில் இருப்பது புது ரோபோ. நைட் ஷிப்டில் உங்கள் கையில் கொடுக்கப்படுவது பத்து வருடம் ஓடித் தேய்ந்த ரோபோ.

கியர்பாக்ஸ் நம்மூருக்குப் புதிதல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அங்கே கியர்பாக்ஸ் மக்கர் செய்தால் அரவை நிற்கும், கரும்பு வண்டிகள் வரிசையில் காயும். ஆனால் அந்தக் கியர்பாக்ஸ் தரையில் உட்கார்ந்திருக்கிறது. ரோபோவின் கியர்பாக்ஸ் சுமையை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. ஆலையில் பழகியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

165 கிலோ தூக்கும் ஸ்பாட் வெல்டிங் ரோபோ ஒன்றின் எடையே 1,000 கிலோவைத் தாண்டும். கையை நீட்டினால் இரண்டரை மீட்டருக்கு மேல் போகும். அந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது மோட்டாருக்குள் இருக்கும் சின்ன பிரேக். கரன்ட் போனால் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும், கரன்ட் வந்தால் விடும். மோட்டாரைக் கழற்றினால் பிரேக்கும் அதோடு வந்துவிடுகிறது. கையின் எடையைச் சமன்செய்யும் பேலன்சர் வைத்த மாடல்களில் கை கீழே விழாமல் மேல்நோக்கி எகிறவும் வாய்ப்புண்டு.

வெள்ளிமலை ஏற்றத்தில் பிரேக் மக்கர் செய்த லாரிக்கு கிளீனர் முதலில் சக்கரத்தில் கட்டை கொடுப்பார், அப்புறம்தான் ஸ்பானரை எடுப்பார். இங்கேயும் அதே முறைதான். கையை இனி இறங்க இடமில்லாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் கிரேனிலோ செயின் பிளாக்கிலோ கட்டித் தாங்குங்கள். கம்பெனி கையேட்டில் லாக் பின் சொல்லியிருந்தால் அதைப் போடுங்கள். "ரெண்டு நிமிஷ வேலைப்பா" என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்தினால் அந்த இரண்டு நிமிடமும் அவரே கீழே நிற்கட்டும்.

இன்னொரு ஆபத்து கிரீஸ் கன் வழியாக வருகிறது. ஃபேனக் கம்பெனியின் பல ரோபோக்களுக்கு 3 ஆண்டு அல்லது 11,520 மணி நேரம், இதில் எது முந்துகிறதோ அப்போது கியர்பாக்ஸ் கிரீஸ் மாற்ற வேண்டும். மாற்றும்போது வெளியேறும் வாயைத் திறக்க மறந்துவிட்டு ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே போனால் உள்ளே பிரஷர் ஏறும், ஆயில் சீல் பிதுங்கும், கிரீஸ் மோட்டாருக்குள் இறங்கும். அங்கே பிரேக் தட்டில் கிரீஸ் பட்டால் பிடி வழுக்கும். கிரீஸ் போட்டவர் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். எத்தனையோ நாள் கழித்து, எமர்ஜென்சி ஸ்டாப் அழுத்தியதும் கை மெல்ல இறங்கும். அப்போது யாரும் கிரீஸை நினைக்கமாட்டார்கள். வெளிவாயைத் திறந்துவைத்து, பழைய கிரீஸ் முழுக்க வந்தபின், அந்த ஆக்ஸிஸை, அதாவது அந்த மூட்டை, கொஞ்ச நேரம் ஓட்டிப் பிரஷரை விட்டபிறகுதான் மூட வேண்டும். வந்த கிரீஸைக் குப்பையில் வீசாதீர்கள், விரலில் தேய்த்துப் பாருங்கள். மினுமினுப்பாக இரும்புத் தூள் தெரிந்தால் பல் தேய்கிறது என்று அர்த்தம்.

பழுது மோட்டாரிலா, கியர்பாக்ஸிலா? பாதிப் பேர் ஊகத்தில் மோட்டாரை மாற்றுகிறார்கள். ஒரு ஆக்ஸிஸில் கேட்கும் சத்தம் பக்கத்து ஆக்ஸிஸிலிருந்து வருவது சர்வசாதாரணம். டீச் மோடில், குறைந்த வேகத்தில், ஒவ்வொரு ஆக்ஸிஸையும் தனியாக ஓட்டுங்கள். அதே வேலை செய்யும் பக்கத்து ரோபோவோடு மோட்டார் கரன்டை ஒப்பிடுங்கள். மோட்டார் ஷாஃப்ட் அசையாமல் கை மட்டும் ஆடினால் கியரில் பிளே, அதாவது இடைவெளி, வந்துவிட்டது. ஓவர்லோடு அலாரம் வந்தால் பழுது தேடும் முன், சமீபத்தில் கிரிப்பரை மாற்றினார்களா, புது எடையை கன்ட்ரோலரில் பதிந்தார்களா என்று கேளுங்கள். பிரேக் முழுதாக விடாமல் உரசினாலும் மோட்டார் சூடாகும், குற்றம் கியர்பாக்ஸ் தலையில் விழும். ரோபோக்களுக்குப் பொதுவாக 45 டிகிரி வரைதான் சுற்றுப்புற வெப்பம் அனுமதி. நம் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மோட்டார் சூடாக அதுவும் ஒரு காரணம்.

எதுவானாலும் அலாரத்தை ரீசெட் அடித்து ஓட்டாதீர்கள். மூன்றாவது முறை ரீசெட் அடிப்பவர், ஓடும் லைனில் எட்டிப் பார்க்கவும் துணிவார். 1981-இல் ஜப்பானின் அகாஷியில் பழுதுபார்க்க வேலிக்குள் போன ஊழியர் இறந்தார். 2015 ஆகஸ்டில் ஹரியானாவின் மானேசரில், நகர்ந்த தகட்டைச் சரிசெய்யப் போன 24 வயது இளைஞர் வெல்டிங் ரோபோவுக்குப் பலியானார். 2023 நவம்பரில் தென்கொரியாவில் குடைமிளகாய்ப் பெட்டி அடுக்கும் ரோபோவின் சென்சாரைச் சோதித்தவரை, அது பெட்டியைப் பிடிப்பது போலவே பிடித்து அழுத்தியது. அவர் ரோபோ கம்பெனி ஊழியர். மூவரும் எதையோ சரிசெய்யத்தான் அருகே போனார்கள்.

மோட்டாரின் நிலையை அளக்கும் என்கோடரின் பேட்டரி பற்றி ஒரு வார்த்தை: பல ரோபோக்களில் இதை கன்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதே, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டுத்தான் மாற்ற வேண்டும். அவற்றில் அணைத்துவிட்டு மாற்றினால் ரோபோ தன் ஜீரோ நிலையை மறந்துவிடும். அதற்குப் பிறகு மாஸ்டரிங் செய்யாமல், அதாவது ஜீரோ நிலையைத் திரும்பப் பதியாமல், ஓட்டினால் எங்கே போய் இடிக்கும் என்று சொல்லவே முடியாது.

அரிசி ஆலை, ஜவ்வரிசி ஆலை முதலாளிகளே, மூட்டை அடுக்க மலிவாகப் பழைய ரோபோ பேசுகிறீர்களா? பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு ஆக்ஸிஸிலும் கிரீஸ் எடுத்துப் பாருங்கள். பிறகு சுமையோடு கையைப் பாதி நீட்டச் சொல்லி, சர்வோவை அணைத்துவிட்டு, வேலிக்கு வெளியே நின்று கவனியுங்கள். கை இறங்கினால் மோட்டார் செலவை விலையில் கழியுங்கள். "அதெல்லாம் அப்படித்தான் சார் இறங்கும்" என்று விற்பவர் சொன்னால், அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.