பாலைவனப் புயலும் பரணில் இருக்கும் கேசட்டும்

1999-ஆம் ஆண்டில் ‘தி மம்மி’ என்ற ஆங்கிலத் திரைப்படம் வெளிவந்தது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சாபம் பெற்றுப் புதைக்கப்பட்ட எகிப்தியப் பூசாரி ஒருவன் உயிர்த்தெழுந்து, பாலைவன மணலையே புயலாகக் கிளப்பி எதிரிகளைத் துரத்துகிறான். மொராக்கோ நாட்டின் சகாராப் பகுதியில் எடுத்த காட்சிகளோடு, கணிப்பொறி வரைந்த மணல் முகத்தையும் சேர்த்து அந்தப் புயலை உருவாக்கினார்கள். அதே ஆண்டிலேயே அப்படம் வீட்டில் பார்ப்பதற்கென வீடியோ கேசட்டாகவும் டி.வி.டி. வட்டாகவும் விற்பனைக்கு வந்தது.

அவ்வளவு பெரிய புயல் கைக்கடக்கமான பெட்டிக்குள் எப்படி நுழைந்தது? அதை அறிந்துகொண்டால், உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் கல்யாணக் கேசட்டின் கதி என்ன என்பதும் விளங்கும்.

நாடாவில் எழுதும் காந்தம்

கேசட்டுக்குள் இருப்பது அரை அங்குல அகலமுள்ள பாலியெஸ்டர் நாடா. மூன்று மணி நேரக் கேசட்டில் இதன் நீளம் 250 மீட்டருக்கு மேல்! நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்களை ஒருவகைப் பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். இத்துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். இவை எந்தத் திசையில் எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பதே படமும் ஒலியும் ஆகிறது.

1976-ல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். முறையில் நாடா மிக மெதுவாக, விநாடிக்கு ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது. இந்த வேகத்தில் படத்தைப் பதிய முடியாதே! அதற்காகப் பொறியியல் அறிஞர்கள் ஓர் அழகிய உபாயம் செய்தார்கள். பதிவுத் தலைகளைச் சாய்வான ஓர் உருளையில் பொருத்தி, அந்த உருளையையே சுழலவிட்டார்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் அது விநாடிக்கு 25 முறை சுழல்கிறது. தலைகள் நாடாவின்மீது சாய்வான கோடுகளைக் கிழித்துச் செல்கின்றன. ஒவ்வொரு கோட்டின் அகலமும் 49 மைக்ரான், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன்தான். இதனால் எழுதும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4.85 மீட்டராக உயர்கிறது.

வட்டில் எழுதும் ஒளி

டி.வி.டி.யில் காந்தம் இல்லை. 12 சென்டிமீட்டர் வட்டில் சுருளாக ஓடும் பாதையில் நுண்ணிய பள்ளங்கள் உள்ளன. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம் 0.74 மைக்ரான். சிவப்பு லேசர் ஒளி அதன்மேல் பட்டுத் திரும்பும்போது, பள்ளமும் மேடும் மாறும் இடங்களைக் கொண்டு 0, 1 என்ற எண்கள் படிக்கப்படுகின்றன.

ஓரடுக்கு வட்டில் 4.7 ஜிகாபைட் அடங்கும். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அப்படியே எழுதினால் இதில் 4 நிமிடப் படம்கூடக் கொள்ளாது! இரண்டு மணி நேரப் படம் எப்படி அடங்குகிறது? மாறாததை மீண்டும் எழுதுவதில்லை. அசையாத நீலவானம் என்றால், ‘முன்படத்தில் இருந்தது போலவே’ என்று குறித்தால் போதும். ஆனால் மணற்புயலில் ஒவ்வொரு மணலும் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுகிறது. ஆகவே புயலுக்கு அதிக இடம், வானத்துக்குக் குறைந்த இடம் என்று வட்டில் பங்கிடுகிறார்கள்.

எது நிலைக்கும்?

இனி கதையில் வந்த மம்மியைப் பார்ப்போம். எகிப்தியர்கள் பிணத்தின் உள்ளுறுப்புகளை நீக்கி, நேட்ரான் என்னும் சோடா உப்பில் ஏறத்தாழ 40 நாள் புதைத்து நீரை உறிஞ்சினார்கள். நீர் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் வளரா. பாலைவனத்தின் வறண்ட காற்றும் உதவியது. ஆகவே அவ்வுடல்கள் மூவாயிரம் ஆண்டுகள் கடந்தும் கெடவில்லை. மம்மியின் மந்திரம் வறட்சியே!

இந்தப் பாடத்தைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குக் கொண்டுவருவோம். இவ்வூரைப் பல்லவர் காலத்து ஏரி வாழவைக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் காற்று ஈரத்தால் நிறைகிறது. நெல்லுக்கு அது நன்மை. பரணில் உள்ள கேசட்டுக்கு அதுவே எமன். ஈரத்தில் நாடாமீது வெண்பூஞ்சை படர்கிறது. துகள்களைப் பிடித்திருக்கும் பசையும் ஈரத்தால் சிதைந்து பிசுபிசுக்கும். துகள் உதிரும்போது படமும் உதிர்கிறது.

1980-களிலும் 90-களிலும் ஊரில் வீடியோப் பெட்டியை வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தவர்கள் உங்கள் பெற்றோரும் தாத்தா பாட்டியும். அக்காலத்துத் திரைப்படங்கள் தொலைந்தாலும் வேறு பிரதி கிடைக்கும். ஆனால் உங்கள் அத்தையின் கல்யாணமும், மறைந்த தாத்தாவின் குரலும் உலகில் அந்த ஒரே நாடாவில்தான் இருக்கின்றன. அதை ஓட்டும் கருவிக்கும் தட்டுப்பாடு வந்துவிட்டது. கடைசிவரை வீடியோப் பெட்டி செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

என்ன செய்யலாம்?

பூஞ்சை பிடித்த கேசட்டைக் கருவிக்குள் போடாதீர்கள். கருவியும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும். அதைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டைப் புத்தகம்போல் நிறுத்தி, ஈரமும் வெயிலும் ஒலிபெருக்கியின் காந்தமும் அண்டாத அலமாரியில் வையுங்கள். வாய்ப்புள்ளபோதே கணிப்பொறியில் படியெடுங்கள். கடையில் பதிந்து தரும் டி.வி.டி. மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஆலையில் அச்சிட்ட வட்டில் பள்ளங்கள் உண்டு. வீட்டிலும் கடையிலும் பதியும் வட்டில் இருப்பது சாயப்பூச்சு. வெயிலில் அது வெளுக்கும். ஆகவே இரண்டு பிரதிகளை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குச் சென்றால் 919, 921-ஆம் ஆண்டுகளில் முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளை இன்றும் பார்க்கலாம். ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் உள்ளன. கல் நின்றது. ஆனால் குடத்தில் இட்ட ஓலைகள் எங்கே? அவை மறைந்தன. ஓலையில் எழுதிய இலக்கியங்கள் மட்டும் எப்படி நம்மை வந்தடைந்தன? ஓலை செல்லரிப்பதற்கு முன் ஒவ்வொரு தலைமுறையும் அவற்றைப் புதிய ஓலையில் படியெடுத்தது.

வீடியோ நாடாவும் ஓலையின் இனத்தைச் சேர்ந்ததே. இந்த விடுமுறையில் பரணில் ஏறிப் பாருங்கள், நண்பர்களே! அடுத்த மழைக்காலத்துக்கு முன் அதைப் படியெடுப்பது உங்கள் தலைமுறையின் வேலை.