அக்கிப் புண்ணும் ஆய்வகமும்: எளிய அக்கி நச்சுயிரியைத் திசுவில் அறியும் முறைகள்

முன்னுரை

தமிழில் ‘அக்கி’ என்னும் ஒரே சொல், இருவேறு நச்சுயிரிகளால் தோன்றும் கொப்புளங்களுக்கு வழங்கி வருகின்றது. ஒன்று, வாயிலும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் மீண்டும் மீண்டும் தோன்றும் எளிய அக்கி நச்சுயிரி (ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ்). மற்றொன்று, சின்னம்மையைத் தந்து, பின்னாளில் உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாகப் படரும் வேரிசெல்லா சோஸ்டர். குயவர் காவி குழைத்து ‘அக்கி எழுதும்’ வழக்கம் இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதில்லை. மருத்துவத்திலோ இவ்வேறுபாடு இன்றியமையாதது. அசைக்ளோவிர் மருந்து வழக்கமாக முன்னதற்கு வேளைக்கு 200 மி.கி., பின்னதற்கு 800 மி.கி. என நாளொன்றுக்கு ஐந்து வேளை தரப்படுகின்றது.

மூன்று சோதனைகள்

முதலாவது, பாரிஸ் மருத்துவர் சாங்க் 1947-இல் விளக்கிய பூச்சுச் சோதனை. புதிய கொப்புளத்தைத் திறந்து, அதன் அடித்தளத்தைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பூசி, ஜிம்சா சாயம் ஏற்றினால், பல உட்கருக்கள் கொண்ட பேருயிரணுக்கள் தெரியும். செலவு குறைவு, விடை விரைவில் கிடைக்கும். எனினும் இரு நச்சுயிரிகளும் இதே தோற்றத்தைத் தருவதால், ‘அக்கி’ என்னும் சொல்லுக்குரிய அதே மயக்கம் இங்கும் நீடிக்கின்றது.

இரண்டாவது, உயிரணு வளர்ப்பு. உயிருள்ள நச்சுயிரி, வளர்ப்பு உயிரணுக்களைச் சிதைப்பதைச் சில நாட்களில் காணலாம். பொருக்குத் தட்டிய புண்ணில் இதன் வெற்றி வெகுவாகக் குறையும்.

மூன்றாவது, பி.சி.ஆர். டி.என்.ஏ. வரிசையைப் பெருக்கி, எளிய அக்கியின் 1, 2 ஆம் வகைகளையும் சோஸ்டரையும் இது பிரித்துக் காட்டுகின்றது. ஆயினும் இது உயிரற்ற நச்சுயிரியின் எச்சத்தையும் காட்டும். அறிகுறியின்றியும் நச்சுயிரி உமிழ்நீரில் வெளிப்படுவதுண்டு. ஆகவே நேர்மறை விடையை நோய்க்குறிகளோடு சேர்த்தே கொள்ளவேண்டும்.

மாதிரியின் பயணம்

வெள்ளாற்றுக் கழிமுகத்திலுள்ள பரங்கிப்பேட்டை போன்ற ஊரில் எடுக்கப்படும் மாதிரி, அண்ணாமலைநகருக்கோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கோ செல்ல நேரிடலாம். வளர்ப்புக்குரிய மாதிரி நச்சுயிரிக் கடத்து ஊடகத்தில், குளிர்நிலையில் செல்லவேண்டும். வழக்கமான திசு ஆய்வுக்குரிய ஃபார்மலினில் இட்டால் நச்சுயிரி இறந்துவிடும், வளர்ப்பு இயலாது. கண்ணின் கருவிழிப் புண்ணில் ரோஸ் பெங்கால் சாயம் இடுமுன் மாதிரி எடுத்தல் நலம். அச்சாயமே நச்சுயிரியை அழிக்கவல்லது.

முடிவுரை

பொருக்குத் தட்டிய புண்ணிலிருந்து வரும் எதிர்மறை விடை, ‘நச்சுயிரி இல்லை’ என்பதற்குச் சான்றாகாது. காவி பூசி, காத்திருந்து, கொப்புளம் உலர்ந்தபின் மருத்துவரை நாடுவோர்க்குச் சோதனையின் பயன் பெரிதும் குறைந்துவிடுகின்றது. எந்தச் சோதனை என்பதோடு, எந்நாளில், எவ்விடத்திலிருந்து, எவ்வாறு எடுத்த மாதிரி என்பதும் விடையின் பொருளை முடிவுசெய்கின்றது.