மருந்தைக் காக்கும் திட்டம்

மருந்து மனிதரைக் காக்கிறது. ஆனால், மருந்தின் ஆற்றலையே காக்க வேண்டிய நிலை இன்று ஏற்பட்டுள்ளது. இதற்கென இந்திய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வகுத்துள்ளது. அத்திட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதையும், அது மனிதரோடு ஆடு, மாடு, கோழி ஆகியவற்றையும் ஏன் கருத்தில் கொள்கிறது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் பிளெமிங் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் பென்சிலினைக் கண்டறிந்தார். ஒரு வகைப் பூஞ்சணத்தில் சுரக்கும் அப்பொருள் பாக்டீரியாக்களை அழித்தது. இத்தகைய மருந்துகளே ஆன்டிபயாடிக் அல்லது நுண்ணுயிர்க்கொல்லி எனப்படுகின்றன. இவை வருவதற்கு முன்னர், சிறு காயத்தில் சீழ் பிடித்தும் உயிர் பிரிவதுண்டு. 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். போதாத அளவில் மருந்தை உட்கொண்டால், கிருமிகள் மடியாமல் அதனைத் தாங்கும் வலிமை பெறும் என்றார்.

அவர் அஞ்சியதே நடந்தது. "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று பலர் கூறுவர். அது சரியன்று, மாறுவது உடம்பு அன்று, கிருமியே. மருந்து படும்போது பெரும்பாலான பாக்டீரியாக்கள் மடிகின்றன. தாங்கும் இயல்பு தற்செயலாக அமைந்த சில மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. ஏற்ற சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. தாங்கும் இயல்பைத் தரும் மரபணுவை அவை பிற பாக்டீரியாக்களுக்கும் வழங்குகின்றன. இதுவே மருந்து எதிர்ப்புத் திறன். 2019ஆம் ஆண்டில் இதன் நேரடி விளைவாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். இம்மருந்துகள் பயனற்றுப் போனால், அறுவை மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் பேராபத்தாகிவிடும். பச்சிளங்குழந்தையின் நோய்த்தொற்றைத் தீர்க்கவும் வழியிராது.

கால்நடைகளுக்கும் இம்மருந்துகளே தரப்படுகின்றன. நோயற்ற கோழிகளும் விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் இவற்றைக் கலப்பதுண்டு. அங்கு உருவாகும் வலிய கிருமிகள் இறைச்சி, சாணம், கழிவுநீர் ஆகியவற்றின் வழியே மனிதரை அடைகின்றன. கிருமிக்குப் பண்ணை என்றும் வீடு என்றும் வேறுபாடு இல்லை. எனவே மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றின் நலமும் ஒன்றே என்னும் கொள்கை உருவாயிற்று. இது 'ஒரே நலம்' எனப்படும்.

இக்கொள்கையின் அடிப்படையில், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் தேசியச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. விழிப்புணர்வு, ஆய்வகக் கண்காணிப்பு, தொற்றுத் தடுப்பு, மருந்தின் முறையான பயன்பாடு, புதிய ஆராய்ச்சி, துறைகளின் கூட்டுழைப்பு ஆகிய ஆறும் அதன் முதன்மைப் பணிகள். மருத்துவம் மாநிலங்களின் பொறுப்பில் உள்ள துறையாதலால், மாநிலங்களும் தத்தம் திட்டங்களை வகுக்க வேண்டியிருந்தது. 2018இல் கேரளம் அதனை முதலில் செய்தது. வேறு மருந்துகள் பயன்படாதபோது மனிதருக்கு இறுதியாகத் தரப்படும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த, 2019இல் மைய அரசு தடை விதித்தது. இரண்டாம் செயல்திட்டம் 2025 முதல் 2029 வரையிலான காலத்திற்கு உரியது.

தடையோடு மாற்றுவழியும் தேவை. மாட்டின் மடிவீக்க நோய்க்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்துப் பூசும் மரபுமுறையைக் குஜராத் மாநிலம் ஆனந்த் நகரிலுள்ள தேசியப் பால்வள வாரியம் பரப்பி வருகிறது. மாட்டுக்கு ஆன்டிபயாடிக் தர நேர்ந்தால், மருத்துவர் குறிக்கும் நாள்கள் முடியும்வரை அதன் பாலை விற்றல் கூடாது.

வீட்டிலும் கடமை உண்டு. சாதாரணச் சளி வைரசால் வருவது. ஆன்டிபயாடிக் அதனைத் தீர்க்காது. மொழி தெரியாத ஊரில் மருத்துவரிடம் செல்லத் தயங்கி, மருந்துக் கடையிலேயே கேட்டு வாங்குவோர் பலர். அத்தகைய இல்லங்களில், ஊர்மொழி அறிந்த பிள்ளைகள் பெற்றோருக்குத் துணையாக மருத்துவரிடம் செல்லலாம். மருந்தட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், அதனை மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது என்று எடுத்துரைக்கலாம். எஞ்சிய மாத்திரையை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் உதவியாகாது. ஒருவர் வீணாக்கும் மருந்தின் ஆற்றல், அவர் அறியாத வேறொருவரின் உயிரைக் காக்க வேண்டியது.

பயிற்சி

1. மருந்து எதிர்ப்புத் திறன் உருவாகும் முறையை ஐந்து வரிகளில் எழுதுக.
2. கோழித் தீவனத்தில் கலக்கும் மருந்து மனிதரை எவ்வாறு பாதிக்கிறது?
3. பிரித்து எழுதுக: பச்சிளங்குழந்தை, கூட்டுழைப்பு.
4. வீட்டிலுள்ள மருந்தட்டைகளில் சிவப்புக் கோடு உள்ளதா எனப் பெரியோர் துணையுடன் பார்த்து, கண்டதை வகுப்பில் கூறுக.