தோட்டமும் உலகமும் – 11: டில்லி கை கொடுத்ததும் கை விட்டதும்

1941-இல் மலாயாவின் கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று சைக்கிள் பற்றியது. எதிரே துரையோ கிராணியோ வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய தோட்ட வழக்கம். இனி இறங்க மாட்டோம் என்றார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்த வேண்டும், தமிழ் தெரிந்தவர்களை வேலைக்கு வைக்க வேண்டும், உறவுக்காரர்கள் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்று பட்டியல் நீண்டது. எனக்கென்னவோ அந்தச் சைக்கிள் கோரிக்கைதான் துரைமாரை அதிகம் உறுத்தியிருக்கும் என்று படுகிறது. கூலியை ஐந்து காசு கூட்டிக் கொடுத்துச் சமாளித்துவிடலாம். இறங்காத சைக்கிளை என்ன செய்வது?

மே 6-ஆம் தேதி கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் கைதானார். அதோடு கிளர்ச்சி கிள்ளானைத் தாண்டியது. தெற்கே கோலலங்காட், வடக்கே கோலசிலாங்கூர் என்று சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்வெட்டு நின்றது. 16-ஆம் தேதி கவர்னர் ஷென்டன் தாமஸ் அவசரநிலையை அறிவித்தார். பட்டாளம் வந்தது, சுட்டது, ஐந்து பேர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

“இத்தனை நடந்தும் இந்தியா சும்மாவா இருந்தது?” என்று போன வாரம் வாசகர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அயல்நாட்டில் மக்கள் கொதித்து எழும்போது இன்னொரு நாட்டு அரசு என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று உலகம் முழுக்க இன்றும் வாதாடுகிறார்கள். நம் தோட்டங்களுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு.

இந்திய அரசின் ஏஜெண்ட் என்று ஓர் அதிகாரி அப்போது மலாயாவில் இருந்தார். 1941-இல் அந்தப் பதவியில் இருந்தவர் சுபிமல் தத். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் வெளியுறவுச் செயலாளரானவர். தோட்டத்துக்குப் போகலாம், விசாரிக்கலாம், டில்லிக்கு எழுதலாம், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. டில்லியும் லண்டனும் ஒரே கிரீடத்தின் கீழ் இருந்தபோது அந்த எழுத்துக்கு எவ்வளவு எடை இருந்திருக்கும்? டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியதும் அந்த விவகாரமே காற்றில் போயிற்று.

டில்லி உண்மையில் உதவியது அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால். 1938-இல் ரப்பர் விலை சரிந்தது. முதலாளிகள் சங்கம் ஆண்கள் கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கக் கிளம்பியது. இந்திய அரசு ஆட்சேபித்துப் பார்த்தது, பலிக்கவில்லை. ஜூன் 15 முதல், உதவிப்பணத்தில் மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது. பேச்சுமில்லை, ஊர்வலமுமில்லை, ஒரே ஓர் உத்தரவு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் போர் வந்தது, ரப்பருக்குக் கிராக்கி ஏறியது, மரம் இருந்தும் வெட்ட ஆள் போதவில்லை. “உனக்குப் பதில் நாளைக்கே நாகப்பட்டினத்திலிருந்து நூறு பேரை இறக்குவேன்” என்று இனி எந்தத் துரையும் மிரட்ட முடியாது. 1941-இல் தொழிலாளி நிமிர்ந்து பேசியதற்கு இதுவும் ஒரு காரணம். தடை விதித்தவர்கள் யாரும் புரட்சியை மனத்தில் வைத்து அதைச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

ஆள் அனுப்புவதை நிறுத்தி மிரட்டும் அந்தப் பிடி சுதந்திர இந்தியாவிடம் இருக்கவில்லை. 1949 மார்ச் 1-ஆம் தேதி ரவாங் பக்கத்து வாட்டர்ஃபால் தோட்டத்தில் எஸ்.ஏ.கணபதி பிடிபட்டார். தடைசெய்யப்பட்ட அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது வழக்கு. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அன்றைய அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தண்டனை மரணம்தான். நேரு அரசு கருணை கேட்டது. ஏப்ரல் கடைசியில் நேரு லண்டனிலேயே இருந்தார். குடியரசான பிறகும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்கும் என்ற உடன்பாடு அப்போதுதான் ஏற்பட்டது. பிரிட்டனுக்கு அது பெரிய காரியம். பதிலுக்கு ஓர் உயிரைக்கூட டில்லியால் கேட்டு வாங்க முடியவில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். கண்டனம் பிறகு வந்தது. கையில் பேரம் பேச ஒன்று இருக்கும்போது கேட்டுவிட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வருத்தம் தெரிவித்துப் பயனில்லை.

2007 நவம்பர் 25-இல் நிலைமையே வேறு. இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராஃப்பின் அழைப்பில் கோலாலம்பூர் அம்பாங் சாலையில் திரண்டவர்கள் இந்தியப் பிரஜைகள் அல்லர், மலேசியக் குடிமக்கள். செம்பனைக்காக ரப்பர் காடு அழிந்து, தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் அவர்கள்மீது பாய்ந்தன. தமிழக முதல்வர் கருணாநிதி பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். இது மலேசிய விவகாரம், அவர் தம் மாநிலத்தைக் கவனிக்கட்டும் என்ற பொருளில் அமைச்சர் நஸ்ரி அஜீஸ் வெடுக்கென்று பதிலடி கொடுத்தார்.

கடிதத்தின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதனால் லாபமடைந்தது யார் என்று பார்க்க வேண்டும். நீல அடையாள அட்டை வைத்திருக்கும் மூன்றாம் தலைமுறைக்காரன் தன் அரசாங்கத்திடம் உரிமை கேட்டு நின்றான். சென்னையிலிருந்து குரல் வந்ததும் பேச்சு அவனுடைய வீடு, பள்ளிக்கூடம், பிறப்புப் பத்திரம் ஆகியவற்றை விட்டுவிட்டு, இரு நாட்டு உறவுக்குத் தாவியது. அவனை வெளியாள் என்று காட்ட விரும்பியவர்களுக்கு இதைவிட வசதி கிடைக்காது. டிசம்பர் 13-இல் இண்ட்ராஃப்பின் ஐந்து தலைவர்களை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றிக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். வெளிநாட்டு அரசுகள் உரக்கக் கேட்டிருக்க வேண்டியது இங்கேதான். குற்றச்சாட்டு என்ன, நீதிமன்றம் எது, வழக்கறிஞர் பார்க்க முடிகிறதா? இவற்றைக் கேட்க இரத்த உறவு தேவையில்லை, எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. மலேசியாவோடு கோடிக்கணக்கில் வணிகம் செய்யும் நாடுகள் அதை அடக்கமாகத்தான் கேட்டன.

லண்டனின் பொறுப்பு தனி. இங்கே ஆளைக் கொண்டுவந்து இறக்கியதும் ரப்பரில் சம்பாதித்ததும் பிரிட்டிஷார். உலு சிலாங்கூரில் பத்தாங் காலிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படை 24 பேரைச் சுட்டுக் கொன்றது. அதை விசாரிக்கக் கோரி இறந்தவர்களின் குடும்பங்கள் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை போய், 2015-இல் வெறுங்கையோடு திரும்பின. தன் கோப்புகளைத் திறந்து பதில் சொல்வதற்கு யாருடைய உள்விவகாரத்திலும் தலையிட வேண்டியதில்லை.

கடைசியில் பதில் உள்நாட்டிலிருந்தே வந்தது. 2008 மார்ச் 8-இல் மலேசியாவில் பொதுத்தேர்தல் நடந்தது. கமுந்திங்கில் அடைபட்டிருந்த ஐவரில் ஒருவரான எம்.மனோகரன் கோத்தா அலாம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். கோலசிலாங்கூரில் எதிர்க்கட்சியான பாஸ் ஜெயித்தது, உலு சிலாங்கூரில் ஆளுங்கூட்டணியின் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளர் பழனிவேல் தோற்றார், சிலாங்கூர் ஆட்சியே கைமாறியது. அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் ஐவரும் விடுதலையானார்கள்.

(தொடரும்)