டோக்கன் அட்வான்ஸுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. கொடி கட்டிய மனைப்பிரிவில் மதியச் சாப்பாடு. "இன்னிக்கு புக் பண்ணினா சதுர அடிக்கு நூறு ரூபாய் கம்மி" என்கிறார்கள். மாலைக்குள் டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. பத்திர நகலைக் கேட்பது அதற்கப்புறம்தான். ஓய்வுக்காலப் பணத்தை இப்படிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நிலத்தில் முதலீடு செய்ய வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது விலை பேசுவதை அல்ல, ஆவணம் படிப்பதை. ஆவணத்தைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

"ஈசி போட்டுப் பார்த்தாச்சு, வில்லங்கம் இல்லை" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்கள்தான் அதிகம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஆனால் எந்த எண்ணுக்குப் பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. இன்று 112/3ஏ1 என்றிருக்கும் நிலம் முன்பு 112/3 ஆக இருந்திருக்கும். பழைய எண்ணுக்கும் போட்டால்தான் பழைய விற்பனையும் அடமானமும் தெரியும். அந்தக் கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருந்தால், பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். குறைந்தது 30 ஆண்டுக்குப் பாருங்கள். கணினியில் ஏறாத காலத்துக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் எழுதிய சான்று வாங்குங்கள். அலுத்துக்கொள்வார்கள். அலுத்துக்கொள்ளட்டும், விடாதீர்கள்.

அப்படித் தேடினாலும் வில்லங்கச் சான்றில் வராதவை உண்டு. உயில் வராது. பதிவு செய்யாத பாகப்பிரிவினை வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. கையெழுத்துப் போடாத மகளின் பங்கும் வராது. தமிழ்நாட்டில் 1989-லிருந்தும், 2005 திருத்தத்துக்குப் பின் நாடு முழுவதும், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. இன்னமும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரங்கள் வருகின்றன. வாரிசுச் சான்றை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மைனர் பெயரில் சொத்து இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோரே விற்றாலும் வாங்காதீர்கள்; அந்தப் பிள்ளை 18 வயதாகி மூன்றாண்டுக்குள் வழக்குப் போட்டு அந்த விற்பனையை உடைக்கலாம்.

பட்டாவும் உரிமைப் பத்திரம் ஆகாது. அது வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே. ஆனாலும் தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம் மூன்றிலும் பரப்பும் நான்கு எல்லையும் ஒத்துப்போக வேண்டும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். விற்பவர் பவர் பத்திரத்தை நீட்டினால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். பொதுவாக அவர் இறந்த அன்றே பவர் செத்துவிடுகிறது. பவர் பத்திரம் மட்டும் வாங்கினால் சொத்து உங்களுடையது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் டிடிசிபி. அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவுக்கு 2016-லேயே தடை வந்தது. ஒப்புதல் எண்ணோடு, சாலைகளும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டனவா என்றும் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமுள்ள புதிய திட்டம் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்க வேண்டும். விளம்பரத்திலும் அந்த எண் இருக்க வேண்டும். எண் இல்லையா, பணம் இல்லை. பதிவான ஒப்பந்தம் போடாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கத்துக்குச் சாட்சி இல்லை.

"சார்பதிவாளரே பதிந்துவிட்டாரே" என்கிறவர்களுக்கு: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சுமார் 9 சதவீதம் கட்டுகிறோம். அதற்கு அரசு தருவது பதிவை மட்டும்தான், உத்தரவாதத்தை அல்ல. இதை அந்த அலுவலகத்தின் வாசலில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஏற்கெனவே பணம் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நேரம் கடத்த வேண்டாம். முதலில் பதிவுத் தபாலில் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். திட்டம் ரெரா வரம்பில் வந்தால், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறப் படிவம் 'எம்'மிலும், இழப்பீட்டுக்குப் படிவம் 'என்'னிலும் மனுச் செய்யலாம். ஒப்பந்தம், ரசீது, வங்கி அறிக்கை, விளம்பரத் துண்டு எல்லாவற்றையும் இணையுங்கள். விளம்பரத் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். பட்டா தவறாக மாறியிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அடுத்து மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. போலிப் பத்திரம் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நில மோசடிப் புகார் கொடுங்கள்.

மாவட்டப் பதிவாளரிடம் மனுக் கொடுத்தால் போலிப் பத்திரம் ரத்தாகிவிடும் என்று இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். அந்த அதிகாரத்தைத் தந்த, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் போட வேண்டும். மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் காலமும் அந்த மூன்றாண்டில்தான் கழிகிறது; இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.